வளையத்துக்கு வெளியே

அன்று காலை ஐந்தே முக்காலுக்கு, வழக்கம்போல, நப்பின்னை பக்கத்து வீட்டுக்காரரின் மூச்சைத் திறந்துவிடப் போனாள்.

முகட்டூரில் எல்லோருக்கும் அப்படித்தான் விடியும். இரவில் வீடுகளுக்கு வரும் காற்று பாதியாகக் குறைந்துவிடும். அதை மறுபடி முழுதாகத் திறக்கும் தகடு வீட்டுக்கு உள்ளே கிடையாது. வெளியே, பொது நடையில், வாசலுக்கு இடப்பக்கம் பதித்திருக்கும். அந்த வீட்டில் குடியிருப்பவர் கைவைத்தால் திறக்காது. பக்கத்து வீட்டுக்காரரின் உள்ளங்கைக்குத்தான் திறக்கும். அவர் கைவைத்து “இருக்கேன்” என்பார். உள்ளே இருப்பவரும் “இருக்கேன்” என்பார். காற்று வரும். உள்ளே இருந்தவர் எழுந்து வந்து தனக்கு அடுத்த வீட்டின் தகட்டில் கைவைப்பார். இப்படி முந்நூறு வீடுகள். கடைசி வீட்டுக்காரர் முதல் வீட்டைத் திறப்பார். இதை அண்டைத்திறப்பு என்றார்கள். முந்நூறு வீடுகளும் சேர்ந்தது வளையம். ஒருவர் திறக்கத் தவறினால் மதியத்துக்குள் எல்லா வீட்டிலும் மூச்சு முட்டும்படி குழாய்களை இணைத்திருந்தார்கள்.

நிலவின் தென்முனைக்குக் குடிவந்த புதிதில் ஒரு குடும்பம் காற்றைப் பதுக்கியது. பக்கத்து வீட்டில் இரண்டு பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அதற்குப் பிறகு செய்த ஏற்பாடு இது. நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஒரு காலைகூடத் தவறியதில்லை. முகட்டூரார் இதை ஏற்பாடு என்று நினைப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். தங்கள் குணம் என்று நினைத்தார்கள்.

நப்பின்னை தகட்டில் கைவைத்து “இருக்கேன்” என்றாள். உள்ளே கமருதீன் இருமினார். பிறகுதான் பதில் சொன்னார். கதவைத் திறந்துகொண்டு வந்தவர், இன்றைக்கு அவள் பிந்திவிட்டதாகவும் தான் கனவிலேயே மூச்சு முட்டி மவுத்தாகிவிட்டதாகவும் புகார் சொன்னார்.

“கனவுல பக்கத்து வீடு யாரு காக்கா?” என்றாள்.

“அங்கயும் நீதான். அதான் பிந்திருச்சு.”

அவர் அடுத்த வீட்டின் தகட்டில் கைவைத்துவிட்டுத் திரும்பி வந்தார். குரல் மாறியிருந்தது.

“கீழ பள்ளத்துல வெளிச்சம் தெரியுதாம்லா. பாத்தியா?”

அவள் பார்க்கவில்லை. பள்ளத்தில் வெளிச்சம் தெரிய வழியில்லை.

முகட்டூர் ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் சூரியன் அநேகமாக மறைவதே இல்லை. பள்ளத்தின் அடியில் அது உதித்ததே இல்லை. அந்த இருட்டில்தான் பனிக்கட்டி கிடக்கிறது. அதை வெட்டி மேலே அனுப்பும் அறுபது பேர் நிழலூர் என்ற சின்னக் குடியிருப்பில் வாழ்ந்தார்கள். முகட்டூர் குடித்த தண்ணீரும் விட்ட மூச்சும் அங்கிருந்து வந்தவை. நிழலூர் தன் காற்றைத் தானே பனியிலிருந்து பிரித்துக்கொண்டது. முகட்டூரின் குழாய் அவ்வளவு ஆழம் எட்டாது என்பதால் வளையத்தில் நிழலூர் சேரவில்லை.

நப்பின்னை வெளித்தொடர்பு அலுவலர். அலுவலகத்துக்கு அவள் போய்ச் சேர்வதற்கு முன்பே நிழலூரிலிருந்து அழைப்பு வந்து காத்திருந்தது. ரெமிஜியுஸ் பேசினார். அவர்தான் நிழலூரின் பொறுப்பாளர், நாற்பது வயது, எதையும் பாதிச் சிரிப்போடு சொல்லிப் பழகியவர். எட்டு ஊர்திகள், தாங்கள் பனி வெட்டும் பனிக்காட்டைச் சுற்றி நிற்பதாகச் சொன்னார். பூமியின் வடமுனைக் கூட்டமைப்பின் கொடி. எல்லாம் தாமே ஓடும் பொறிகள், நடு ஊர்தியில் மட்டும் மனிதர் இரண்டு பேர். அவர்கள் கையசைத்தார்களாம், தானும் பதிலுக்குக் கையசைத்துவிட்டாராம். பிறகு வேலி போட ஆரம்பித்தார்கள். பனிக்காடு இனிமேல் கூட்டமைப்பின் பாதுகாப்பு மேற்பார்வையில் இருக்கும் என்று ஒலிபெருக்கியில் நல்ல தமிழில் அறிவித்தார்கள். பனி இல்லாமல் நிழலூரின் காற்று எத்தனை நாள் வரும் என்று கேட்டாள். பாதிக் காற்றில் இருந்தால் கையிருப்பு மூன்று வாரத்துக்குக் காணும் என்றார்.

“பயப்படல அக்கா. நீங்க இருக்கீயல்லா” என்றார்.

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு வரை முகட்டூரிடம் ஒரு கவண் இருந்தது. மைல் நீளத் தண்டவாளம். மின்காந்த விசையால் தாதுப் பாளங்களை நிலவிலிருந்து மேலே எறிவதற்காகச் செய்தது. சாய்வைக் கொஞ்சம் மாற்றினால் நிலவின் எந்த இடத்திலும் ஒரு பாளத்தை இறக்கலாம். முகட்டூர் யார் மீதும் எறிந்ததில்லை. ஆனாலும் அது இருக்கும்வரை பள்ளத்தின் பக்கம் யாரும் வரவில்லை. பூமியின் மூன்று வல்லரசுகளுக்கும் அது உறுத்தலாக இருந்தது. வடமுனைக் கூட்டமைப்பு, கீழைக் கூட்டு, ஆழிப் பேரவை மூன்றும் சேர்ந்து வந்து, கவணைக் கழற்றிவிடுங்கள், பதிலுக்கு உறுதிமொழி தருகிறோம் என்றன. முகட்டூரின் எல்லையை மதிப்போம். அதற்கு எதிராகப் பலத்தைக் காட்டமாட்டோம். யாராவது காட்டினால் உடனே கலந்து பேசுவோம்.

பேச்சு நடத்தப் போன குழுவில் நப்பின்னை இருந்தாள். அந்தக் குழுவுக்குப் பூமியிலிருந்து ஒரு வழக்கறிஞரை அமர்த்தியிருந்தார்கள். அவர் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, ஆபத்து வந்தால் யார் வர வேண்டும், எப்போது வர வேண்டும், வராவிட்டால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று இதில் ஒன்றுமே இல்லையே என்றார். குழுவில் இருந்தவர்களுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பூமியிலேயே வளர்ந்த மனிதர். வாய்விட்டு ஒன்றைச் சொன்ன பிறகு அதைச் செய்யாமலும் இருக்கலாம் என்று நினைக்கிற இடத்தில் வளர்ந்தவர். கலந்து பேசினால் வந்துதானே ஆக வேண்டும் என்று அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். சொன்னது நப்பின்னைதான்.

நிழலூர்க்காரர்கள் மட்டும் கவணைக் கழற்ற வேண்டாம் என்றார்கள். பள்ளத்துக்கு இருந்த ஒரே காவல் அது. அப்போதும் நப்பின்னைதான் இறங்கிப் போனாள். எதுவும் ஒன்று என்றால் நாங்கள் இறங்கி வந்துவிடுவோம் என்று சொன்னாள். எழுதித் தரச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. முகட்டூராரிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

கவணைக் கழற்றிய இரும்பில் ஒரு விருந்தினர் மண்டபம் கட்டினார்கள். அதில் மூன்று வல்லரசுகளின் தூதுப்பொறிகள் நின்றன. ஆளுயரம். மூன்றும் ஒரே தொழிற்சாலையில் செய்தவை. நெஞ்சில் கொடி மட்டும் வேறு.

நப்பின்னை அங்கே போய், கீழைக் கூட்டின் பொறியிடமும் ஆழிப் பேரவையின் பொறியிடமும் நடந்ததைச் சொன்னாள். இரண்டும் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டன. செய்தியை மிகுந்த கவனத்துடன் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்தன. உறுதிமொழியில் கண்டபடி உடனே கலந்து பேச ஆயத்தம் என்றன. அதில் அணுவளவும் தவற மாட்டோம் என்றன. அப்போது வடமுனைக் கூட்டமைப்பின் பொறி ஓரடி முன்னால் வந்தது.

“இந்த ஆண்டு தலைமைப் பொறுப்பு எங்களுடையது” என்றது. “கூட்டத்தைத் தொடங்கலாமா?”

மூன்று பொறிகளும் தமக்குள் கலந்து பேசி முடிக்க ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் விஷயத்தின் கனம் கருதி அவை அமர்வு அமர்வாகப் பேசின. ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் ஒரு அறிக்கை வந்தது. முதல் அறிக்கையில் கவனித்து வருகிறோம் என்று இருந்தது. அடுத்ததில் கவலை கொள்கிறோம். அதற்கு அடுத்ததில் ஆழ்ந்த கவலை. வடமுனையின் பொறியும் ஆழ்ந்த கவலையில் கையெழுத்திட்டது. இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்று ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னது. சேர்த்தன.

நப்பின்னை தினமும் போனாள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதைவிட அது மேலாக இருந்தது. ஒரு நாள் ஆழிப் பேரவையின் பொறியிடம், இதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

“மிக ஆழ்ந்த கவலை” என்றது.

“அதுக்கும் மேல?”

பொறிகள் தயங்குவதில்லை. இது கொஞ்சம் தயங்கியது போல இருந்தது.

“அதன் பிறகு நினைவுகூர்வோம்.”

பூமியில் மக்கள் சும்மா இருக்கவில்லை. முகட்டூரின் கொடி ஊதா நிறம். நாற்பது ஐம்பது நகரங்களில் கோபுரங்களுக்கும் பாலங்களுக்கும் ஊதா விளக்கு போட்டார்கள். பிள்ளைகள் ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். பூமியின் இருண்ட பக்கம் திரும்பியபோது முகட்டூரில் தொலைநோக்கியை நடைபாதையில் வைத்தார்கள். வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்பில் ஊதாப் புள்ளிகள். சிலர் அழுதார்கள். நம்மை நினைக்க இத்தனை பேர் இருக்கிறார்களே என்றார்கள். கமருதீனும் பார்த்தார்.

“அழகாத்தான் இருக்கு” என்றார். “இந்தக் கரண்டை இங்கிட்டு அனுப்பிருந்தா ஒரு வண்டியாவது ஓடிருக்கும்.”

நிழலூரில் பாதிக் காற்றில் இருந்தார்கள். பிள்ளைகளை ஒரே அறையில் படுக்கவைத்துப் பேச வேண்டாம் என்று சொல்லியிருப்பதாக ரெமிஜியுஸ் சொன்னார். பேசாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பது சொர்க்கம் என்றார். சிரிக்கப் போனவர் மூச்சுக்காக நிறுத்தினார்.

மூன்றாவது வாரம் முடியும் தறுவாயில் வடமுனையின் பொறி தானாகவே ஊர்ப் பேரவைக்கு வந்தது. பேரவைத் தலைவர் சுடலைமணி அதற்கு நாற்காலி போடச் சொன்னார். அது உட்காரவில்லை. முகட்டூரின் எல்லையைக் கூட்டமைப்பு இன்றும் முழுமையாக மதிக்கிறது என்றது. நிழலூர் அந்த எல்லைக்குள் வருகிறதா என்பது ஆய்வுக்குரியது. தண்ணீர் முன்பு போலவே மேலே வரும்; கொஞ்சம் கூடுதலாகவே வரும். முகட்டூருக்கு ஒரு குறையும் வராது. ஆனால் பள்ளத்துப் பாதையில் முகட்டூரின் ஊர்தி இறங்கினால் அதைப் பலம் காட்டும் செயலாகக் கொள்ள நேரும். அதற்காக முன்கூட்டியே வருந்துவதாகச் சொல்லிவிட்டுப் போனது.

கதவு சாத்தியதும் நப்பின்னை எழுந்தாள். தான் என்ன கேட்கப்போகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது. ஊரில் நான்கு பெரிய ஊர்திகள் உண்டு. நான்கையும் விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு இறக்குவோம் என்றாள். ஐம்பது பேர் போவோம். கையில் ஒன்றும் வேண்டாம். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவோம். சுடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு. வருவோம் என்று சொல்லியிருக்கிறோம்.

யாரும் மறுக்கவில்லை. போகத்தான் வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். பிறகு ஒருவர், இறங்கி ஏறி வர ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஐம்பது பேர் போனால் ஐம்பது தகடுகளில் யார் கைவைப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு தகட்டுக்கு ஒரு கைதான். வேறு கையைப் பதிவு செய்ய அந்த வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்; புதிதாகக் கைவைக்க வருபவரின் சம்மதமும் வேண்டும். போனவர்கள் திரும்பி வராவிட்டால் அந்த வீடுகளை வளையத்தில் எப்படி இணைப்பது என்று இன்னொருவர் கேட்டார். அதுவும் நியாயமாகவே இருந்தது. நிழலூர்க்காரர்கள் வந்தால் அறுபது பேருக்கும் மூச்சு எந்தக் குழாயிலிருந்து என்று ஒரு குரல். அதற்குள் யாரோ கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பொதுச் சமையற்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பேச்சித்தாய் அதுவரை வாய் திறக்கவில்லை. யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷி. சும்மா ஒரு விவரம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

“அவிய நம்ம வளையத்துல இல்லையே.”

நப்பின்னை அவளைப் பார்த்தாள். பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். யார் முகத்திலும் வெட்கமில்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்த தெளிவு இருந்தது. நூறு வருடங்களாக முகட்டூர் தன் சொல்லைக் காப்பாற்றி வந்தது, காப்பாற்றாவிட்டால் மதியத்துக்குள் மூச்சு முட்டும் என்பதால். மூச்சு முட்டாத இடத்தில் ஒரு சொல்லைக் காப்பாற்ற வேண்டிய தேவை அதற்கு இதுவரை வந்ததே இல்லை. முதல் தடவையாக இப்போதுதான் வந்திருக்கிறது.

சுடலைமணி கூட்டத்தை முடித்துவைத்தார். விஷயம் பெரிது, அவசரப்படக் கூடாது, ஏழு பேர் கொண்ட குழு அமைப்போம், நாளை மறுபடி கலந்து பேசுவோம் என்றார். நிழலூர் மக்களோடு முகட்டூர் நிற்கிறது என்பதைக் காட்ட, சாயங்காலம் நடை விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்துவைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் கைதூக்கினார்கள். அன்றைக்கு எல்லோரும் கைதூக்கிய தீர்மானம் அது ஒன்றுதான்.

சின்ன ஊர்தி ஒன்று அவள் அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தது. எட்டுப் பேர் நெருக்கி உட்காரலாம். பிள்ளைகளையாவது ஏற்றலாம். அவள் நேராகக் கமருதீன் வீட்டுக்குப் போனாள். வளையத்திலிருந்து ஒரு நாள் அவள் கையை விடுவிக்க அவர் சம்மதித்தால் போதும். விஷயத்தைச் சொன்னாள்.

அவர் பாயை விரித்து அவளை உட்காரச் சொன்னார்.

“போ தங்கச்சி. நான் தடுக்கேன்னு இருக்கக் கூடாது” என்றார். “அந்தப் பிள்ளைய மொகம் எனக்கும் கண்ணுல நிக்கி.”

அவள் எழுந்தாள்.

“ஆனா நாளைக்கு என் தகட்டுல யாரு கை வைக்கான்னு மட்டும் சொல்லிட்டுப் போ.”

அவள் நடையில் இறங்கி, ஒவ்வொரு வாசலாகக் கேட்டாள். அந்த வரிசையில் எல்லோரும் அவளைக் கதவுக்கு உள்ளே அழைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். நிழலூர்ப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்கள். தாங்கள் ஏற்கெனவே ஒரு தகட்டுக்குப் பொறுப்பு என்பதையும் இன்னொன்றை ஏற்று அதில் ஏதாவது பிசகினால் முந்நூறு வீடும் என்ன ஆகும் என்பதையும் சொன்னார்கள். எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். ஒரு வீட்டில், அடுத்த வாரம் என்றால் பார்க்கலாம் என்றார்கள்.

அவள் அலுவலகத்துக்குத் திரும்பினாள். மேசையில் குழுவின் முதல் அறிக்கை வந்திருந்தது. நிழலூருக்குத் தெரிவிக்க வேண்டியது. அவளே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பாள். மூன்று வாரமாக அவள் கேட்டு வந்த சொற்கள்தான்.

சாயங்காலம் நடை விளக்குகள் அணைந்தன. வெளியே இருட்டில் யாரோ மெல்லப் பாட ஆரம்பிக்க, இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அவள் ரெமிஜியுஸை அழைத்தாள். வெகுநேரம் கழித்து எடுத்தார். எல்லோரும் பாதையின் அடிவாரத்துக் கொட்டகைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். மேலே இருந்து வருகிறவர்களுக்கு ஊருக்குள் வரும் அலைச்சல் மிச்சம் என்றார். கொட்டகையில் தன் பங்குக் காற்றைப் பிள்ளைகள் இருந்த பக்கம் திருப்பிவிட்டிருந்தார். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பேசினார்.

அவள் அறிக்கையை எடுத்தாள். முதலில் படிக்காமல் சொல்லலாம் என்று பார்த்தாள். முடியவில்லை. முகட்டூர் நிலவரத்தை உன்னிப்பாகக் கவனித்து வருகிறது என்று படித்தாள். ஆழ்ந்த கவலை கொண்டிருக்கிறது என்று படித்தாள். குழு நாளையும் கலந்து பேசும். தன் குரலில் தயக்கம் இல்லை என்பது அவளுக்கே கேட்டது. படித்து முடித்த பிறகு, இன்று உங்களுக்காக விளக்கெல்லாம் அணைத்திருக்கிறோம் என்றாள்.

மறுமுனையில் மூச்சு மட்டும் வந்தது, போனது.

“சரிக்கா” என்றார் ரெமிஜியுஸ். “வண்டி எத்தன மணிக்குப் பொறப்படுதுன்னு மட்டும் சொல்லுங்க. பிள்ளையளுக்கு உடுப்பு மாட்டணும்.”